பழைய காரும் மூன்று பிரதிகளும்

நெய்யூரில் எங்கள் வீட்டு முற்றத்தில் அப்பா வாங்கிய அம்பாசடர் நிற்கிறது. 1489 சிசி என்ஜின். 2014இல் உற்பத்தியே நின்றுபோன இந்த வண்டியை வீட்டில் வைத்துப் பழுதுபார்க்க எந்தக் கையேட்டை வாங்குவது? ஒவ்வொரு கையேடும் ஒரு பிரதி என்றால், அது யாரைத் தன் வாசகனாகக் கற்பித்துக்கொள்கிறது, யாரிடம் மௌனம் சாதிக்கிறது என்று கேட்டாக வேண்டும்.

உரிமையாளர் கையேட்டுக்கு நான் பணம் கட்டுகிறவன், அவ்வளவுதான். கொஞ்சம் ஆழமாகப் போனால் 'டீலரை அணுகவும்'. கம்பெனியின் சர்வீஸ் மேனுவல் எல்லாம் சொல்லும். ஆனால் சிறப்புக் கருவிகள் உள்ள பட்டறைக்குத்தான் சொல்லும். மூன்றாவது வகை, இங்கிலாந்தில் ஜான் ஹேன்ஸ் 1966இல் தொடங்கியது: வண்டியை முழுக்கக் கழற்றி மாட்டிப் பார்த்து எழுதுவது. எழுதியவன் கையிலும் கிரீஸ் பட்டிருக்கு என்பதால் எனக்கு இதுதான் நெருக்கம்.

அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையின் வாரிசு. ஆகவே மோரிசுக்கான பழைய பிரிட்டிஷ் கையேடு என் என்ஜினுக்குப் பொருந்தும். 1990களில் வந்த இசுஸு 1800 என்ஜினுக்கு உதவாது. அட்டைப்படத்தைப் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான், என்ஜின் நம்பரைப் பார்க்கணும்.

மூன்றுமே ஆங்கிலம். பிளக் இடைவெளி பார்க்க நான் புத்தகத்தைப் புரட்டினபோது ஒர்க்‌ஷாப் அண்ணன் ஆக்ஸா பிளேடை நீட்டினார்: "புக்கு கெடக்கட்டு சாரே, இத விட்டுப் பாருங்க." கையேடு சொல்வது 0.025 அங்குலம். பிளேடின் தடிமனும் அதேதான்! அளவு அவரிடம் இருந்தது, எழுத்தாக இல்லை. எழுத்தில் இல்லாததால் அது அறிவென்று கணக்கில் வரவில்லை, கூலியிலும் வரவில்லை.

அதற்காகக் கையறிவைக் கொண்டாடிவிட்டுப் போகவும் முடியாது. வேறொரு பட்டறையில் சிலிண்டர் ஹெட் நட்டுகளைக் கைப்பதத்திலேயே முறுக்கினார்கள். ஒரே மாசத்தில் கேஸ்கட் போச்சு. நடுவிலிருந்து வெளியே, வரிசை தப்பாமல், 40 பவுண்டு-அடி என்று கையேட்டில் இருக்கிறது. அந்த வரியை அவர்களுக்கு எட்டவிடாமல் செய்தது எது? சோம்பல் என்று நான் சொல்ல மாட்டேன். மொழி, விலை, கைவேலைக்காரனுக்கு எதுக்குப் புக்கு என்கிற நம் சாதிப் புத்தி.

2022 டிசம்பரில் ஒன்றிய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு இணையதளம் தொடங்கியது. வாகனத்துறையும் அதில் உண்டு. நல்லது. கம்பெனி கையேட்டைத் திறந்துவிட்டால் மட்டும் போதுமா? எந்த மொழியில், யாருக்கு?

என் மோரிஸ் கையேட்டின் ஓரத்தில் 'ஆக்ஸா பிளேடு' என்றெழுதி, அண்ணன் பெயரையும் குறித்திருக்கிறேன். நட்டு முறுக்கும் வரிசையைத் தமிழில் எழுதி அவர் பட்டறைச் சுவரில் ஒட்டியாச்சு. கையேட்டைத் தேர்வது என்று நான் சொல்வது இதையும் சேர்த்துத்தான்.