நற்றாய் கூற்றாக ஒரு கொரிய நாவல்

கொரிய எழுத்தாளர் கிம் ஹே-ஜின் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மகளைப் பற்றி' என்னும் நாவல், பெண்ணொருத்தியையே வாழ்க்கைத் துணையாகக் கொண்ட ஒரு மகளைப் பற்றியது. ஆயினும் அதனைக் கூறுபவள் மகள் அல்லள். அவ்வன்பை ஏற்க இயலாத தாய். ஒடுக்கப்பட்டார் கதையை அவரை ஏற்காதார் வாயிலாகக் கூறுதல் முறையாகுமா? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அகப்பாடல் பயின்றார்க்கு நற்றாய் கூற்றுப் புதியதன்று. ஐங்குறுநூற்றின் 'மகட்போக்கியவழித் தாயிரங்கு பத்து', உடன்போக்கிற் சென்ற மகளை நினைந்து வருந்தும் தாயின் குரலாக அமைந்தது. கொரியத் தாயும் மகளை இழந்துவிட்டதாகவே வருந்துகிறாள். ஆனால் இங்கு மகள் வீட்டை விட்டுப் போகவில்லை. குடியிருக்க வீடு பெறும் முன்பணம் திரட்ட இயலாமையால், துணைவியுடன் தாயின் வீட்டிற்கே திரும்பி வருகிறாள். பிரிவுத் துயரினும், ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் ஒருவரை ஒருவர் அறியாதிருக்கும் துயர் கொடிது என்பது இவ்வமைப்பால் விளங்குகின்றது.

இதன் அருமையை ஒரு திரைப்படத்தோடு ஒப்பிட்டு உணரலாம். லீ ஜூன்-இக் இயக்கி 2005-இல் வெளிவந்த 'மன்னனின் ஆடவன்', யோன்சான் மன்னன் (ஆட்சி 1494–1506) பெண் வேடம் புனையும் கூத்தன் ஒருவன்பால் கொண்ட ஈடுபாட்டைக் காட்டுவது. தென்கொரியாவில் ஒரு கோடியே இருபது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அதனைக் கண்டனர். ஆயின், ஐந்நூறு ஆண்டுத் தொலைவு அவர்க்கு ஒரு திரையாக நின்றது. வேடம் மற்றொரு திரை. கண்டு இரங்கியபின் அவர் வீடு திரும்பலாம். நாவலிலோ அந்த வீடே கதை நிகழும் களம்.

தாய் முதியோர் இல்லமொன்றில் பணிபுரிபவள். அவள் பேணும் ஜென் என்னும் மூதாட்டி, இளமையைப் பிறர் நலத்திற்கே செலவிட்டு, மக்களின்றி, நினைவு தேய்ந்து கிடப்பவள். கேட்பாரற்றவள் என்பதனால் இல்லத்தார் அவளுக்குரிய பொருள்களையும் குறைக்கின்றனர். பின்னர் வேறிடத்திற்கு அகற்றுகின்றனர். ஜென்னிடத்தில் தாய் தன் மகளின் முதுமையையே காண்கிறாள். குடும்பமற்றவளை யார் காப்பார் என்னும் அச்சமே அவள் எதிர்ப்பின் வேர். அது வெறுப்பின் உருவில் வெளிப்படுகின்றது. மகளோ, தன்பால் ஈர்ப்பின் பொருட்டுப் பணியிழந்த விரிவுரையாளர்களுக்காகப் போராடுகிறாள். ஜென்னுக்காக இல்லத்தாரை எதிர்க்கும்பொழுது, தான் கண்டித்த மகளின் செயலையே தாயும் செய்பவளாகிறாள். அதனை அவள் வாய்விட்டுக் கூறாள், நாமே உணர்கின்றோம். இறுதியில் ஜென்னைத் தன் வீட்டிற்கே அழைத்து வருகிறாள். குருதியுறவற்ற அம்மூதாட்டியைப் பேணுவதில் மகளின் துணைவியும் பங்கு கொள்கிறாள். தாயின் வினாவிற்கு விடை செயலால் வந்துவிடுகின்றது.

இம்முறையில் குறையும் உண்டு. தாயின் கண் எட்டும் இடமே கதையின் எல்லையாதலின், இணையரின் தனியுலகும் மகிழ்ச்சியும் நமக்குப் புலனாகவில்லை. அதனை அறிய விழைவோர் பார்க் சாங்-யோங் 2019-இல் வெளியிட்ட 'பெருநகரில் காதலிக்கும் முறை' என்னும் நூலை நாடுதல் வேண்டும். அங்கே தன்பால் ஈர்ப்புடைய இளைஞனே நகையும் துயரும் கலந்து தன் கதையைக் கூறுகிறான்.

தென்கொரிய உச்ச நீதிமன்றம், ஒருபால் இணையருள் ஒருவர் மற்றவரைச் சார்ந்தவராகத் தேசிய நலக் காப்பீட்டில் இடம்பெறலாம் என 2024 சூலை 18-இல் தீர்ப்பளித்தது. அது திருமண உரிமை வழங்கவில்லை. எனினும், நோயுற்றார்க்கு உரியவர் யார் என, ஏழாண்டிற்கு முன் ஒரு நாவலில் தாய்மனம் எழுப்பிய வினா, நீதிமன்றத்திலும் எழுந்தமை கருதத்தக்கது.

தாயின் மனம் முற்றும் மாறியதாக ஆசிரியர் காட்டவில்லை. மாற மறுக்கும் மனத்தின் மொழியிலேயே மாற்றத்தின் முதல் அசைவை நாம் கேட்குமாறு செய்துள்ளார். மகள் கூற்றாக இருந்திருப்பின் அவ்வசைவு நம் செவிக்கு எட்டியிராது. ஆதலின், தாய் கூற்று இந்நாவலுக்கு முற்றும் பொருந்துவதே எனத் துணியலாம்.