செலவாகாத ஆயில்

பெட்ரோல் எரிந்து தீரும். வயதான வண்டியில் இன்ஜின் ஆயிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் புகையாகப் போகும். ஆனால் பிரேக் ஆயில் செலவாவதற்கென்று ஊற்றப்படுவதில்லை. மூடிய பாதைக்குள் இருக்கிறது. பெடலை மிதித்தால் நகர்கிறது, காலை எடுத்தால் திரும்பி வருகிறது. டப்பாவில் மட்டம் இறங்க இரண்டு காரணங்கள்தான் உண்டு. டிஸ்க் பிரேக் வண்டியில் பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே நகரும். அந்த இடத்தை ஆயில் நிரப்பும். அது மெதுவாக, ஓர் அளவுக்குள் நடப்பது. மற்றொன்று ஒழுகல். நான்கு சக்கரத்திலும் ட்ரம் வைத்த பழைய அம்பாசடருக்கோ பத்மினிக்கோ முதல் காரணம் அநேகமாகப் பொருந்தாது. அங்கே குறைகிற ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு விலாசம் இருக்கிறது.

அந்த விலாசத்தைத் தேடிப் போகிற வேலையைக் கைத்தொழில்களில் மிக நுட்பமான ஒன்றாக நான் மதிக்கிறேன். இதில் கைக்கு முன்னால் கண் வேலை செய்ய வேண்டும். கண்ணுக்கும் முன்னால் பொறுமை. பழைய வண்டிக்காரர்களில் பலர் மாதம் ஒருமுறை பானெட்டைத் திறந்து, குறைந்ததை ஊற்றி மூடிவிடுகிறார்கள். அந்தக் காலத்து மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழியில் வந்த அம்பாசடர் போன்ற வண்டிகளில் பிரேக் பாதை ஒன்றே ஒன்று. ஓரிடத்தில் ஓட்டை பெரிதானால் நான்கு சக்கரமும் சேர்ந்தே கைவிடும்; மிஞ்சுவது கேபிளில் இழுபடும் ஹேண்ட் பிரேக் மட்டும்தான். அப்படிப்பட்ட வண்டியில் ஊற்றி ஊற்றி ஓட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கோவையில் நான் நின்று பார்க்க விரும்பும் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். ஆயில் குறைகிறது என்று வண்டி வந்தால் உடனே ஸ்பேனரை எடுக்கமாட்டார். "ஓடுனா குறையுதுங்களா, நின்னா குறையுதுங்களா?" என்பார். பெரும்பாலான வண்டிக்காரர்களுக்கு விடை தெரியாது. கேள்வியின் ஆழம் எனக்கும் பிறகுதான் பிடிபட்டது.

அடுத்து வண்டியைக் கழுவுவார். பிரேக் ஆயில் தண்ணீரில் கரையும். மண்ணெண்ணெய் வேண்டியதில்லை, அது பிரேக் ரப்பருக்கு எமனும்கூட. ஒவ்வொரு பைப் மூட்டையும் கழுவித் துடைத்துக் காயவிட்டு, டப்பாவில் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு, நான்கு சக்கரத்துக்கடியிலும் மாஸ்டர் சிலிண்டருக்கடியிலும் செய்தித்தாள் விரித்து வண்டியை இரவு முழுக்க நிறுத்திவிடுவார். அன்றைக்கு வேலை அவ்வளவுதான். காத்திருக்கப் பிடிக்காத வாடிக்கையாளர் வேறு பட்டறைக்குப் போய்விடுவதும் உண்டு.

காலையில் தாளில் ஈரம் தெரிந்தால் அது எந்த ஆயில் என்பது அடுத்த கேள்வி. பின்சக்கரத்தில் இது முக்கியம். அங்கே ஆக்ஸில் சீல் போனாலும் ட்ரம்முக்குள் எண்ணெய் வரும். அது கியர் ஆயில், கந்தக வாடை அடிக்கும், தண்ணீரில் விட்டால் மிதக்கும். பிரேக் ஆயில் சொட்டு தண்ணீரோடு கலந்து காணாமல் போகும். ஒரு தம்ளர் தண்ணீரில் முடிகிற இந்தச் சோதனையைச் செய்யாமல், நல்ல வீல் சிலிண்டரை மாற்றிவிட்டு வண்டியை அனுப்புகிற பட்டறைகளைப் பார்த்திருக்கிறேன். வேறு அடையாளங்களும் உண்டு. பிரேக் ஆயில் பட்ட பெயின்ட் உப்பி உரியும். மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே தகடு வெளுத்திருந்தால் கசிவு நேற்று தொடங்கியதல்ல. டயரின் உட்புறத்தில் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஈரக்கோடு ஓடியிருந்தால் அந்தச் சக்கரத்தின் ட்ரம்மைத்தான் முதலில் கழற்ற வேண்டும்.

இப்போது அவருடைய அந்த முதல் கேள்விக்கு வருகிறேன். வீல் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப்புக்கு ஓர் உதடு உண்டு. பெடலை அழுத்தும்போது ஆயிலின் அழுத்தமே அந்த உதட்டைச் சுவரோடு சேர்த்து இறுக்குகிறது. எவ்வளவு ஓங்கி மிதிக்கிறோமோ அவ்வளவு இறுக்கம். 1917 வாக்கில் மால்கம் லாக்ஹீட் திரவ பிரேக்கை உருவாக்கியபோது தோல் கப்தான் இருந்தது, அது ஒழுகியது. ரப்பர் வந்த பிறகுதான் இந்த பிரேக் ஊரெல்லாம் ஓடும் வண்டிக்கு ஏற்றதானது. அந்த ரப்பர் வயதாகி விறைத்தாலும், ஓங்கி மிதிக்கிற கணத்தில் தன் வேலையைச் செய்துவிடும். கால் எடுத்த பிறகு, வண்டி குளிரில் சும்மா நிற்கும்போது, உதடு தளர்ந்து ஆயிலை மெல்ல வெளியே விடும். ஆகவே உதவியாளைப் பெடல்மேல் ஏறி மிதிக்கச் சொல்லிவிட்டு, கீழே டார்ச் அடித்துத் தேடுகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. நின்றால் குறைகிற வண்டியில் கப்பைச் சந்தேகி. ஓடினால் குறைகிற வண்டியில் ஹோஸையும் பைப்பையும் மூட்டுகளையும் பார். அவருடைய ஒற்றைக் கேள்விக்குள் இவ்வளவும் அடக்கம்.

நிற்கும்போது கப் கசிவதைத் தடுக்கவே பழைய ட்ரம் பிரேக் வண்டிகளின் மாஸ்டர் சிலிண்டரில் ஒரு சின்ன வால்வு உண்டு. கால் எடுத்த பின்னும் பைப்பில் இலேசான அழுத்தத்தைத் தேக்கிவைத்துக் கப்பின் உதட்டை விரித்தபடி வைத்திருக்கும். ரப்பர் கிட் மாற்றுகையில் பலர் இதைத் துடைத்து அப்படியே போட்டுவிடுகிறார்கள். வீல் சிலிண்டர்கள் எல்லாம் ஒரே சமயத்தில் வேர்த்தாற்போல் கசிந்தால், அவர் முதலில் சந்தேகிப்பது இந்த வால்வைத்தான்.

சரி, கசியும் சிலிண்டர் அகப்பட்டது, புதுக் கப் போட்டாயிற்று. மூன்றே மாதத்தில் மறுபடி ஏன் கசிகிறது? என் ரசனை முழுக்கத் தங்கி நிற்பது இங்கேதான். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டிய டாட் 3 ஆயில், ஈரமேறினால் 140 டிகிரி அளவிலேயே கொதித்துவிடலாம்; குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். அதே ஈரம் சிலிண்டரின் இரும்புச் சுவரையும் அரிக்கிறது. கப் ஓடித் தேய்க்கும் இடம் பளபளப்பாக இருக்கும். ஓடாத இடத்தில் துருக்குழி விழும். பிரேக் லைனர் தேய்ந்திருக்கும் வரை கப் பளபளப்பான இடத்திலேயே ஓடும். புது லைனர் போட்டதும் பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டு, கப் அந்தக் குழிகளின்மேல் போய் உட்காரும். லைனர் மாற்றிய பிறகுதான் ஒழுக ஆரம்பித்தது என்று வண்டிக்காரர் லைனரைத் திட்டுவார். குற்றம் அதற்குப் பல வருஷம் முன்பே, ஆயில் மாற்றாமல் விட்ட நாளில் தொடங்கியது.

அவர் சிலிண்டரைத் துடைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, விரல் நகத்தை உள்ளே ஓட்டிப் பார்ப்பார். கறை என்றால் மென்மையான கல்லால் தேய்த்து எடுத்துவிடலாம். நகம் தட்டினால் அந்தச் சிலிண்டர் முடிந்தது. எந்தக் கிட்டும் அதைக் காப்பாற்றாது. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே மாற்றுவார். ஆயிலில் ஊறிய லைனரைப் பெட்ரோலில் கழுவி மாட்டுவதை ஒப்பமாட்டார். ஒரு பக்கம் இழுத்து வண்டியைத் திருப்பிவிடும். சென்னை பாடியில் 1962 முதல் பிரேக் செய்துவரும் பிரேக்ஸ் இந்தியா போன்ற நிறுவனங்கள் உள்ள மாநிலத்தில், பெயர் தெரியாத கிட்டை மலிவுக்காகத் தேடுவது அவருக்கு விளங்குவதில்லை, எனக்கும்தான்.

பைப் முனை செய்வதையும் பார்க்க வேண்டும். துருப்பிடித்த பைப்பை வெட்டிவிட்டு, புதுப் பைப்பின் வாயை நாதஸ்வரத்தின் அணைசுபோல் விரித்தெடுக்கிறார். அந்த விளிம்பில் மயிரளவு கீறல் இருந்தாலும் மூட்டு கசியும். கீறல் விழுந்ததை வெட்டி எறிந்து மறுபடி செய்வாரே தவிர, நட்டை இன்னும் இறுக்கிச் சமாளிக்கமாட்டார்.

எல்லாம் உலர்ந்திருந்தும் மட்டம் குறைகிற வண்டிகள் உண்டு. பூஸ்டர் வைத்த வண்டியில் மாஸ்டர் சிலிண்டரின் பின்சீல் போனால் ஆயில் பூஸ்டருக்குள் இறங்கும். வெளியே ஒரு துளி தெரியாது. சில சமயம் இன்ஜினே அதை வாக்குவம் குழாய் வழியே உறிஞ்சி வெள்ளைப் புகையாக விட்டுவிடும். மாஸ்டர் சிலிண்டரை இரண்டு நட்டு தளர்த்தி முன்னே இழுத்துப் பின்புறம் விரல் வைத்துப் பார்த்தால் போதும்.

கடைசியில் ஏர் எடுப்பது. மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான இடது பின்சக்கரத்தில் தொடங்குவார். பையன் பெடலில், அவர் தரையில். "அடி... அடி... புடி." நிப்பிளைத் திறக்கிறார், குழாயில் குமிழி ஓடுகிறது, மூடுகிறார். "விடு." மூடும் முன் பையன் காலை எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வரும். குமிழி நின்று தெளிந்த ஆயில் வரும்வரை இது நடக்கும். வடித்த ஆயிலை அவர் மறுபடி ஊற்றுவதில்லை.

வண்டியைக் கொடுக்கும்போது, ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் திரும்பி வரச் சொல்வார். வருகிறவர் குறைவு. வந்தவரின் வண்டியில் சக்கரத்தையும் ட்ரம்மையும் கழற்றி, சிலிண்டரின் ரப்பர் உறையைத் தூக்கிப் பார்த்து, காய்ந்திருக்கிறது என்று சொல்லி மாட்டிக் கொடுப்பார். அதற்குக் காசு வாங்குவதில்லை. வாங்க வேண்டும் என்பது என் கட்சி.