வேப்பிலை போட்டால் வண்டு போகுமா? பூச்சிக் குறிப்புகள் மீது ஒரு விமர்சனம்

வீட்டுப் பூச்சிகளை விரட்ட எளிய வழிகள் என்று வரும் குறிப்புகளைக் கொஞ்ச நாளாகச் சேர்த்து வைத்துப் படிக்கிறேன். வார இதழ்த் துணுக்கு, வாட்ஸ்அப் செய்தி, யூடியூப் வீடியோ எல்லாமே ஒரே அச்சு. அரிசிக்கு வேப்பிலை, பருப்புக்கு வசம்பு, கரப்பானுக்குச் சர்க்கரையும் சோடா உப்பும், கொசுவுக்கு நொச்சிப் புகை. சிலவற்றுக்குக் 'கொல்லிமலை ரகசியம்' என்ற முத்திரை வேறு. மலைப் பெயர் வந்தாலே நமக்கு ஒரு மயக்கம் வந்துவிடுகிறது, கேள்வி கேட்க மாட்டோம்.

இந்தக் குறிப்புகள் பொய் என்று சொல்ல வரவில்லை. இவை எதையெல்லாம் விட்டுவிடுகின்றன என்பதுதான் என் பிரச்சினை. எந்தப் பூச்சி? எந்தத் தானியம்? எவ்வளவு? விதைக்கா, சாப்பாட்டுக்கா? இந்த நான்கும் இல்லாத குறிப்பு பாதிக் குறிப்புகூட இல்லை.

முதலில் அரிசி. அரிசியில் வரும் கூன்வண்டு மணியைத் துளைத்து உள்ளே முட்டை வைத்து, துளையையும் அடைத்துவிடும். புழு மணிக்குள்ளேயே தின்று வளர்ந்து, நம் ஊர் வெயிலில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வரும். மேலாக நாலு வேப்பிலையைப் போட்டால் உள்ளே இருக்கும் புழுவுக்கு என்ன தெரியும்? வேம்பின் முக்கியச் சரக்கான அசாடிராக்டின் இலையைவிட விதையில்தான் மிக அதிகம். அதுவும் வெயில் பட்டால் சிதைந்துவிடும். அதனால்தான் புடைத்துச் சலித்து இலை போட்ட மூட்டையில் மூன்று நாலு வாரம் கழித்து மறுபடி வண்டு ஊர்கிறது.

பயறு வண்டு கதை வேறு. அது முட்டையைப் பயறின் தோல்மேல் வெளியே ஒட்டி வைக்கும். அதனால் வெளிப்பூச்சு அங்கே வேலை செய்கிறது. ஒரு கிலோ பயறுக்கு 5 மில்லி விளக்கெண்ணெய் தடவிப் பிசறினால் முட்டை மூச்சடைத்துச் சாகும். நம் பாட்டிமார் துவரைக்குச் செம்மண் கட்டி வைத்ததும் இதே இடத்தில்தான் பூச்சியைப் பிடித்தது. ஒரே சமையலறை, பக்கத்துப் பக்கத்து டப்பா, இரண்டு பூச்சிக்கும் இரண்டு வைத்தியம். "தானியத்துக்கு இதைப் போடுங்கள்" என்று ஒரே வரியில் எழுதும் துணுக்கில் இந்த வித்தியாசம் கரைந்து போகிறது.

இனி கொல்லிமலை. அங்கே சேமிப்பு அறிவு இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது இலையில் மட்டும் இல்லை. மலையாளிப் பழங்குடியினரின் பழைய பயிர்கள் சாமை, தினை, கேழ்வரகு. கேழ்வரகு மணி மிகச் சிறியது, கூன்வண்டுப் புழு உள்ளே உட்கார்ந்து வளர இடம் கிடையாது. அதனால்தான் அது வருடக்கணக்கில் கெடாமல் நிற்கிறது. சாமையை உமியோடு வைத்திருந்து, தேவைக்கு அப்பப்போ குத்திக்கொள்வார்கள். உமி நீக்கிய சாமை அரிசி சில மாதங்களிலேயே சிக்கெடுக்கும், பூச்சியும் பிடிக்கும். நன்றாகக் காயவைத்த தானியம், மண்ணும் சாணமும் மெழுகிய தொம்பை, அதற்கு மேல்தான் சாம்பலும் இலையும். சாம்பல் பூச்சியின் மேல்தோலைச் சிராய்த்து அதன் ஈரத்தை உறிஞ்சும், மணிகளுக்கு இடையே உள்ள சந்தையும் அடைக்கும். இத்தனை அடுக்கில் கடைசி அடுக்கை மட்டும் உருவி எடுத்து 'ரகசியம்' என்று விற்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மலையிலும் நிலைமை மாறிவிட்டது. சிறுதானிய நிலத்தில் பெரும்பகுதியை, சேலம் நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி எடுத்துக்கொண்டது. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பசி தீர்ந்தது நல்லது. ஆனால் கேழ்வரகுக்குப் பழகிய கையில் இப்போது இருப்பது தீட்டிய அரிசி, அதாவது கூன்வண்டுக்குப் பிடித்த சாப்பாடு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஊர் விதை வங்கிகளையும் உமி நீக்கும் இயந்திரங்களையும் கொண்டு வந்ததை நான் முக்கியமாக நினைப்பது இதனால்தான். பயிர் போனால் அதைச் சேமிக்கும் அறிவும் கூடவே போய்விடும், இலையின் பெயர் மட்டும் மிஞ்சும்.

விதைக்கா சாப்பாட்டுக்கா என்ற கேள்விக்கு வசம்பே போதும். பிள்ளைக்குக் கட்டும் பொருள்தானே என்று நாம் பயப்படுவதில்லை. வசம்பு வண்டைத் தடுக்கும், உண்மைதான். ஆனால் அதிலுள்ள பீட்டா அசரோன் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால், அமெரிக்கா 1968இல் உணவில் வசம்பைத் தடை செய்தது. விதைப் பயறில் வசம்புப் பொடியைத் தாராளமாகக் கலக்கலாம். நாளைக்கு வேகப்போகும் பருப்பில் ஏன் கலக்க வேண்டும்? இதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. அதிலிருந்து வரும் பாஸ்பின் வாயுவுக்கு மாற்று மருந்து கிடையாது. வேப்பிலை தோற்ற எரிச்சலில் அந்த மாத்திரையை வாங்கி, ஆள் படுக்கும் அறையிலேயே மூட்டைக்குள் வைப்பவர்களும் உண்டு. பலிக்காத எளிய வைத்தியத்தின் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

கரப்பானுக்குச் சோடா உப்பை நான் நம்புவதில்லை. போரிக் அமிலமும் மாவும் சர்க்கரையும் பிசைந்த உருண்டை மெதுவாகத்தான் கொல்லும், ஆனால் கொல்லும். குழந்தை கை எட்டாத இடம் வேண்டும். நொச்சிப் புகை கொசுவைச் சற்று நேரம் தள்ளி வைக்கும், கூடவே நம் நுரையீரலுக்குள்ளும் போகும்.

அரிசிக்கு என்னதான் செய்வது என்றால், குறைவாக வாங்குங்கள். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஃப்ரீசர் இருந்தால் நாலு நாள் உள்ளே வைத்து எடுங்கள், மணிக்குள் இருக்கும் முட்டையும் புழுவும் சேர்ந்து சாகும். இல்லையென்றால் கறுப்புத் தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பி நல்ல உச்சி வெயிலில் காய வையுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வடிவமைத்த, துளை போட்ட குழாய்ப் பொறியை மூட்டைக்குள் செருகினால் வண்டு தானாக வந்து அதில் விழும். எத்தனை விழுகிறது என்று எண்ணவும் முடியும். எந்த வைத்தியம் பலிக்கிறது, எது பலிக்கவில்லை என்று அப்போதுதான் நமக்கே தெரியும்.

உங்கள் ஊரில் வயசானவர்களிடம் ஒரு குறிப்பு கேட்டு வாங்கினால், இலையின் பெயரோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். எந்தத் தானியத்துக்கு, எந்த மாசத்தில், எதில் வைத்து, விதைக்கா சோத்துக்கா என்றும் கேட்டு எழுதி வையுங்கள்.