நெடுவழிக்குப் புளிச்சோறு

சென்னையிலிருந்து கொல்கத்தா வரை ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர். பெரும்பகுதி அன்று 5-ஆம் எண், இன்று 16-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் தாண்டினால் தடா, ஆந்திரா வந்துவிடும். சிப்காட் தொழிற்பேட்டை லாரிகளுக்கு நடுவே காரில் போகும் குடும்பத்தில், அதற்குள்ளேயே பின்சீட்டிலிருந்து "அம்மா, பசிக்குது" என்று குரல் வரும்.

அப்போது பிரிக்கிற புளிச்சோற்றுப் பொட்டலத்துக்கு ஈடு ஏது!

அதன் பக்குவம் பாட்டிமாரின் பெரிய கைத்திறன். சோறு உதிரியாக ஆறியிருக்க வேண்டும். புளிக்காய்ச்சல், நல்லெண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை சுண்ட வேண்டும். புளியின் அமிலம் சோற்றைச் சட்டென்று கெடவிடாது. வறுத்த வேர்க்கடலையைப் பொறுக்கித் தின்பதிலேயே பிள்ளைகளுக்கு நேரம் போகும்.

மறுநாளுக்குப் புளிக்காய்ச்சலைப் பாட்டிலில் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் வாங்கும் வெறுஞ்சோற்றில் பிசைந்தால் போதும். குழந்தைகளுக்காக மிளகாயை மட்டும் குறையுங்கள்.