நந்தன் எந்த மொழியில் விடை கேட்டான்?

ஏற்காட்டு அடிவாரத்தில் மாரியம்மன் பண்டிகைக்குத் தெருக்கூத்து நடக்கும் இரவுகளில், கூத்தர் பாட்டை நிறுத்தி வசனம் பேசத் தொடங்கினால் உறங்கிக் கிடந்தவர்களும் எழுந்து உட்காருவதைக் கண்டிருக்கிறேன். இசை நாடகத்தில் மொழிக்கு என்ன இடம் என்ற கேள்வி எனக்கு அங்குதான் பிறந்தது.

ஐரோப்பாவில் இது பழைய வழக்கு. 1711இல் இலண்டன் மேடையில் ஹாண்டலின் 'ரினால்டோ' இத்தாலிய மொழியில் ஒலித்தது. ஆங்கிலேயர் கேட்டு மகிழ்ந்தனர். ஆனால் 1728இல் ஜான் கே, மக்கள் அறிந்த மெட்டுகளுக்கு ஆங்கிலச் சொல்லமைத்து 'பிச்சைக்காரர் இசை நாடகம்' தந்தபோது கூட்டம் அங்கே திரண்டது.

நம் தஞ்சை மண்ணிலோ மெலட்டூர் இருக்கிறது. தமிழ் வழங்கும் அவ்வூரில், வேங்கடராம சாஸ்திரியார் இயற்றிய 'பிரகலாத சரித்திரம்' நரசிம்ம ஜெயந்தியை ஒட்டித் தெலுங்கில் ஆடப்படுகிறது. தெலுங்கு அறியாதவரும் நரசிம்மர் தோன்றும் கணத்தில் மெய்சிலிர்க்கின்றனர். கதை முன்பே அவர்கள் நெஞ்சில் இருக்கிறது. இலத்தீன் திருப்பலியில் கண்ணீர் உகுத்த நம் பாட்டிமாரும் அப்படித்தான். (1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் தாய்மொழிக்கு வழி திறந்தபோது வருந்தியவர்களை நான் எள்ளமாட்டேன்.)

கோபாலகிருஷ்ண பாரதியாரின் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' வேறு வகை. சேக்கிழாரிடம் இல்லாத வேதியர் ஒருவரை நந்தனுக்கு ஆண்டையாகப் படைத்தார் பாரதியார். தில்லை செல்ல விடை கேட்கும் பண்ணையாள், மறுக்கும் வேதியர். நாடகத்தின் உயிரே இவ்வழக்குத்தான். அது முழுவதும் சொல்லால் நடக்கிறது. கெஞ்சலும் ஏளனமும் பேச்சுத் தமிழில் வருகின்றன. இதை வேற்றுமொழியில் பாடினால் இராகம் எஞ்சும், நந்தன் எஞ்சமாட்டான்.

அப்பேச்சுத் தமிழே நூலுக்குத் தடையாகவும் நின்றது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அதன் இலக்கணப் பிழைகளை எண்ணிச் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார். பாரதியார் பாடக் கேட்டபின் உருகி, எழுதித் தந்தார். ஏட்டில் பிழையாகக் கண்டது செவியில் உயிராயிற்று.

இன்றைய கச்சேரிகளில் நந்தனின் பக்திப் பாடல்கள் தனித்தனியே ஒலிக்கின்றன. ஆண்டையின் கடுஞ்சொற்கள் அரிதாகவே கேட்கின்றன. மொழி தமிழ்தான், வழக்கைத்தான் காணவில்லை.

பாரதியாரிடமும் எனக்கொரு மனக்குறை உண்டு. நந்தனின் தமிழ் வேதியருக்கு நன்றாகவே புரிந்தது. ஆயினும் அவரை நந்தனின் காலில் விழச் செய்தது அச்சொல் அன்று. ஓரிரவில் விளைந்து நின்ற நாற்பது வேலி நெல்.