மாநாட்டு நாளின் நிரவல்

இந்திய அரசியல் வரலாற்றில் ஆவடிக்கு இடம் கிடைத்தது ஒரே ஒரு மாநாட்டால். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை இங்கே கூடியது. யு.என். தேபர் தலைமை. நேரு வந்திருந்தார். காமராஜர் முதலமைச்சராகி ஓராண்டு நிறைந்திருக்கவில்லை. 'சோஷலிச பாணி சமுதாயம்' என்ற தீர்மானம் நிறைவேறியது இங்கேதான். பள்ளிப் பாடத்தில் ஆவடி என்ற பெயர் வருவதே அதற்காகத்தான் என்பதில் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இன்றும் ஒரு பெருமை. ஆனால் இப்போது டேங்க் ஃபேக்டரி பக்கம் நிற்கும் ஒரு கல்லூரிப் பையனிடம் "மாநாடு" என்று சொல்லிப் பாருங்கள். நேருவும் வரமாட்டார், காமராஜரும் வரமாட்டார். "ரிப்பீட்டு" என்பான்.

அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வெங்கட் பிரபுவின் 'மாநாடு' அவ்வளவு நல்ல படம். தமிழில் காலத்தை வைத்து விளையாடிய படங்களில், திரும்பத் திரும்பப் பார்த்தும் எனக்குச் சலிக்காதது அது ஒன்றுதான். ரவிக்குமாரின் 'இன்று நேற்று நாளை' (2015) இந்த வகைக்கு நம் ஊரில் ஒரு தைரியம் கொடுத்தது. மறு ஆண்டு வந்த '24', காலத்தை ஒரு கைக்கடிகாரத்துக்குள் அடைத்தது. 'மாநாடு' வருவதற்கு ஒரு வாரம் முன்னால் 'ஜாங்கோ' என்ற படமும், ஒரே நாள் திரும்பத் திரும்ப வரும் இதே டைம் லூப் உத்தியோடு வந்துபோனது. உத்தி புதிது என்பதற்காக 'மாநாடு' படத்தைப் பாராட்டத் தேவையில்லை. அந்த உத்தியை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதில்தான் நயம் இருக்கிறது.

படம் பிறந்த கதையே ஒரு லூப். 2018-இல் அறிவிப்பு. 2019-இல் நாயகன் சிலம்பரசன் படத்தில் இல்லை என்றார்கள், பிறகு இருக்கிறார் என்றார்கள். 2020 பிப்ரவரியில் படப்பிடிப்பு தொடங்கியது, அடுத்த மாதமே ஊரடங்கு. 2021 தீபாவளிக்கு வருவதாக இருந்து தள்ளிப்போய் நவம்பர் 25 என்று முடிவானது. அதற்கு முந்தைய நாள் மாலை தயாரிப்பாளர் சுரேஷ் காமாட்சி, படம் தள்ளிவைக்கப்படுகிறது என்று அறிவித்தார். ராத்திரியோடு ராத்திரியாகச் சிக்கல் தீர்ந்து, மறுநாள் படம் வந்துவிட்டது. அந்த மாத மழையில் ஆவடியிலும் அம்பத்தூரிலும் பல தெருக்களில் தண்ணீர் வடியவில்லை. பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு படத்துக்குப் போனவர்கள் உண்டு. அம்பத்தூர் ராக்கி தியேட்டரில் விசில் சத்தம் நாயகனைவிட வில்லனுக்குத்தான் அதிகம். அந்த விசிலுக்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். துபாயிலிருந்து கோவை விமானத்தில் வருகிறான் அப்துல் காலிக். நண்பன் ஈஸ்வரமூர்த்தி காதலிக்கும் ஜரீனாவுக்கு ஊட்டியில் வேறொருவரோடு நிக்காஹ். அவளை அங்கிருந்து அழைத்து வந்து நண்பனோடு சேர்த்துவைக்க வேண்டும். வந்த காரியம் அவ்வளவுதான். வழியில் காருக்குக் குறுக்கே ரஃபீக் என்ற ஒருவன் வந்து அடிபட, போலீஸ் அதிகாரி தனுஷ்கோடி அங்கே முளைக்கிறார். அன்று நடக்கும் கட்சி மாநாட்டில் முதலமைச்சர் அறிவழகனைக் கொன்று, பழியை ஒரு முஸ்லிம் இளைஞன் மேல் போட்டு, கலவரம் மூட்டுவது திட்டம். திட்டத்தின் மூளை, அதே கட்சியின் பரந்தாமன். காலிக் மாட்டிக்கொள்கிறான், சாகிறான், மறுபடி விமானத்தில் கண் விழிக்கிறான்.

முதல் சுற்றை வெங்கட் பிரபு கொஞ்சமும் அவசரப்படாமல் காட்டுகிறார். பக்கத்து இருக்கைப் பெண்ணோடு வாய்ப்பேச்சு, நண்பர்களின் கேலி, நிக்காஹ் வீட்டுப் பாட்டு எல்லாம் வழக்கமான வெங்கட் பிரபு படம்போலத்தான் போகிறது. முதல் முறை பார்ப்பவர், "கதை எப்போது தொடங்கும்?" என்று நெளியக்கூட நெளிவார். அந்த நெளிவைத் தெரிந்தே அனுமதித்திருக்கிறார்கள் என்று இரண்டாம் சுற்றில்தான் புரிகிறது. கச்சேரியில் நிரவல் பாடுகிறவர், எடுத்துக்கொண்ட வரியை முதலில் அலங்காரம் இல்லாமல் ஒரு முறை பாடிக் காட்டுவார். வரி நம் காதில் உட்கார்ந்த பிறகுதான் அதைக் கலைத்துப் போட ஆரம்பிப்பார். எவ்வளவு கலைத்தாலும் தாளத்தில் வரி தொடங்கிய அதே இடத்துக்கு, எடுப்புக்கு, வந்து விழ வேண்டும். அந்த விமான இருக்கைதான் இந்தப் படத்தின் எடுப்பு. பிரவீன் கே.எல்.லின் எடிட்டிங், சுற்றுக்குச் சுற்று அந்த வரியை நறுக்கிக்கொண்டே போகிறது. முதலில் முழு உரையாடல், அடுத்து பாதி, பிறகு ஒரு முகம், பிறகு ஒரு மூச்சு. மீதியை நாமே நிரப்பிக்கொள்கிறோம். பார்வையாளனின் ஞாபகத்தை நம்பி வெட்டிய படம் இது. தமிழ் வணிகப் படங்களில் அந்த நம்பிக்கையை அடிக்கடி காண முடியாது. சொன்னதையே மூன்று முறை சொல்வதுதான் நமக்குப் பழக்கம். இங்கே திரும்பச் சொல்வதே கதை என்றிருந்தும், திரும்பச் சொல்லும் அலுப்பு இல்லை.

படத்தில் நான் மிகவும் ரசிப்பது ரஃபீக்கை. ரொம்ப நேரம் திரையில் இருக்கும் பாத்திரம் இல்லை. பலியாடாகத் தயார் செய்து வைத்திருந்தவன் அவன்தான். அவன் அடிபட்டு விழுந்ததும் தனுஷ்கோடி எத்தனை வேகமாக வேறு ஆளைக் கண்டுபிடிக்கிறார் என்று பாருங்கள். தேட வேண்டியதே இல்லை. காரிலிருந்து இறங்கி நிற்கிறான் இன்னொருவன். அவன் யார், எந்த ஊர், துபாயில் என்ன வேலை என்பதெல்லாம் அவருக்கு வேண்டாதவை. பெயர் பொருந்துகிறது, போதும். சதிக்காரர்களுக்கு ரஃபீக்கும் காலிக்கும் ஒரே ஆள். ஒருவன் இருந்த பள்ளத்தில் மற்றவனை வைத்தால் சரியாக உட்கார்கிறான். படம் இதை வசனமாக விளக்காமல், ஒரு விபத்தாக நடத்திக் காட்டிவிட்டு நகர்கிறது. டைம் லூப் தொடங்குவதற்கு முன்பே லூப் தொடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றும் இடம் அது. இன்று ரஃபீக், இல்லாவிட்டால் காலிக், அவனும் தப்பினால் இன்னொருவன்.

இதோடு 1993-இல் வந்த 'கிரவுண்ட்ஹாக் டே' படத்தை வைத்துப் பார்த்தால் வெங்கட் பிரபு என்ன செய்திருக்கிறார் என்பது தெளிவாகும். அதில் பில் மரே நடித்த வானிலை அறிவிப்பாளன் சிடுமூஞ்சி, தற்பெருமைக்காரன். ஒரே நாள் அவனுக்குத் திரும்பத் திரும்ப வருவது, அவன் திருந்துவதற்காக. மனிதன் மாறினால் நாள் மாறும். காலிக்கிடம் திருத்த என்ன இருக்கிறது? நண்பனுக்காக விமானம் ஏறி வந்தவன். கோளாறு இருப்பது அந்த நாளில்தான். மற்றவர்கள் அவனைப் பற்றி ஏற்கெனவே முடிவு செய்துவிட்டதில்தான். செய்யாத குற்றத்தைச் செய்யவில்லை என்று காட்ட, ஒருவன் ஒவ்வொரு நாளும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. முதல்வரைக் கொல்லப் போகிறார்கள் என்று அந்தப் பெயரோடு ஒருவன் போய்ச் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பதுதானே முதல் கேள்வியாக வரும்? விஞ்ஞானக் கற்பனை என்று நாம் சிரித்துக்கொண்டே பார்ப்பது, சிலருக்கு வாடகைக்கு வீடு தேடும் ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்த அனுபவம்தான்.

விமானம் இறங்கும் ஊர் கோவை என்பதையும் தற்செயலாக நான் எடுத்துக்கொள்வதில்லை. 1997 நவம்பர் இறுதியில் அங்கே தொடங்கிய கலவரமும், 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்ததும் தமிழ்நாட்டின் நினைவில் இன்னும் ஆறாத இடங்கள். கொலை, பழி, கலவரம் என்ற வரிசை கோவைக்குக் கற்பனை இல்லை. வில்லன்கள் பேசும் திட்டத்தை அந்த ஊரை மனத்தில் வைத்துக் கேட்டால், விளையாட்டாகப் போய்க்கொண்டிருக்கும் திரைக்கதையின் அடியில் வேறொரு கனம் தட்டுப்படும். படம் அதை அழுத்திச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கெட்டிருக்கும்.

அடுத்து உஜ்ஜயினி. காலிக்குக்கு ஏன் இப்படி நடக்கிறது என்பதற்குப் படம் தரும் காரணம், அவன் உஜ்ஜயினி காலபைரவர் கோயிலுக்குள் பிறந்தவன் என்பது. முஸ்லிம் தாய்க்குப் பைரவர் சந்நிதியில் பிரசவம். மத நல்லிணக்கத்துக்காகச் செருகிய காட்சி என்று கடந்துபோகிறவர்கள் போகட்டும். எனக்கு ஊரின் தேர்வு பிடிக்கிறது. பழைய இந்திய வானவியலார் தீர்க்கரேகையைக் கணக்கிடத் தொடங்கிய இடம் உஜ்ஜயினி. சூரிய சித்தாந்தம் சொல்லும் நடு ரேகை அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. கிரீன்விச்சுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னால் நம்மவர்களின் பூஜ்ஜியம் அது. ராஜா ஜெய்சிங் பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கேயும் ஒரு வான் ஆய்வுக்கூடம் கட்டினார். காலத்தின் கணக்கு தொடங்கும் ஊரில் பிறந்தவனுக்கு நாள் மறுபடி மறுபடி பூஜ்ஜியத்துக்குத் திரும்புகிறது. இயக்குநர் இவ்வளவும் யோசித்தாரா என்று கேட்டால், மகாகாலேஸ்வரரும் காலபைரவரும் இருக்கும் ஊர் என்ற அளவில் நிச்சயம் யோசித்திருப்பார். மீதி, படம் தானாகச் சேர்த்துக்கொண்ட லாபம்.

(காலக் கணக்கு என்றால் நாங்களும் இளைத்தவர்கள் இல்லை. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கட்டிய ஆய்வுக்கூடத்தை வைத்துக் குறித்த 'மெட்ராஸ் நேரம்', 1906-இல் இந்திய நேரம் வரும் முன்பு, நாட்டின் ரயில்களுக்கே நேரம் சொன்னது. 1856-இல் ராயபுரத்திலிருந்து ஆவடி வழியாக வாலாஜா ரோடு போன தண்டவாளத்தில்தான் இன்றும் எங்கள் மின்சார ரயில் ஓடுகிறது, நேரத்துக்கு வருகிறதா என்பது வேறு விஷயம்.)

இனி வில்லனுக்கு விழுந்த விசில். காலிக்கின் ரத்தமும் தனுஷ்கோடியின் ரத்தமும் கலந்த பிறகு, லூப் அவரையும் பிடித்துக்கொள்கிறது. இந்தத் திருப்பம் வராமல் இருந்திருந்தால், இது எதிர்காலம் தெரிந்த நாயகன் சுலபமாக ஜெயிக்கும் படமாகத் தேய்ந்திருக்கும். தனுஷ்கோடியாக வரும் எஸ்.ஜே. சூர்யா அந்த விசித்திரத்தை உணரும் விதம் அலாதியானது. முதலில் குழப்பம், பிறகு எரிச்சல், பிறகு ஆபீசில் ஒரே கோப்பை எட்டாவது முறையாகத் திருப்பி அனுப்பிய குமாஸ்தாவின் அலுப்பு. அந்த அலுப்போடு அவர் சொல்லும் "ரிப்பீட்டு" ஊரெல்லாம் பரவியதற்குக் காரணம் அலுப்பின் உண்மைதான். பரந்தாமனிடம் "தலைவரே, தலைவரே" என்று அவர் கெஞ்சும் இடத்தில், நடந்ததை நம்பும்படி சொல்ல முடியாத ஒருவனின் தவிப்பு முழுவதும் தெரிகிறது. சிரிப்பு வருகிறது. ஆனால் கவனியுங்கள், 'நான் சொல்வதை யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்களே' என்ற அதே இடத்தில்தான் காலிக்கும் நின்றுகொண்டிருந்தான். நிற்கவைத்தவருக்கே அந்த இடம் வந்து வாய்க்கிறது. 'நியூ' படத்தில் எட்டு வயதுப் பையனை இருபத்தெட்டு வயது ஆளாக நடித்துக்காட்டிய மனிதர் சூர்யா. காலம் குழம்பிய உடம்பு அவருக்குப் புதிதில்லை.

இன்னொரு நுணுக்கம். கையில் துப்பாக்கி, உடம்பில் காக்கி, பின்னால் அதிகாரம். எல்லாம் இருந்தும் தனுஷ்கோடியால் காலிக்கைச் சுட முடியாது. சுட்டால் நாள் மறுபடி தொடங்கிவிடும், பாடுபட்டு ஜெயித்த ஜெயமும் அழிந்துபோகும். எதிரியை உயிரோடு காப்பாற்றி வைக்க வேண்டிய கட்டாயம் வில்லனுக்கு. சாவோ, நாயகன் தப்பிக்கும் வாசல். 'என்கவுன்டர்' பார்த்துப் பழகிய நம் சினிமாவில், போலீஸ்காரரின் துப்பாக்கியை இத்தனை புத்திசாலித்தனமாகச் செல்லாக்காசாக்கிய திரைக்கதையை வேறெங்கும் நான் பார்க்கவில்லை. அழிந்துபோன அத்தனை நாள்களையும் நினைவில் வைத்திருப்பவர்கள் உலகத்தில் இரண்டே பேர். காலிக்குக்கு நடந்ததற்கெல்லாம் ஒரே சாட்சி, அவனைக் கொன்றவர்.

சிலம்பரசன் இதில் அடங்கி நடித்திருக்கிறார். பஞ்ச் வசனங்களையெல்லாம் வில்லனிடம் கொடுத்துவிட்டுக் கண்ணில் களைப்பை மட்டும் சுற்றுக்குச் சுற்று ஏற்றிக்கொள்கிறார். உடை மாறாது, முடி கலையாது, நாளும் அதே நாள். கடைசிச் சுற்றுகளில் ஆள் மட்டும் வயதாகியிருக்கிறான். யுவனின் பின்னணி இசை அந்த வயதைச் சொல்ல உதவுகிறது.

குறையும் உண்டு. டைம் லூப் என்றால் என்ன என்று சினிமா பெயர்களைச் சொல்லி விளக்கும் இடம் அரங்கில் கைதட்டல் வாங்கியது. வீட்டில் பார்க்கும்போது நீளம் தெரிகிறது. அந்தப் பக்கத்து இருக்கைப் பெண், கல்யாணி பிரியதர்ஷனின் சீதாலட்சுமி, காலிக் சொல்வதைக் கேட்டு நமக்காகக் கேள்வி கேட்கும் வேலையோடு நின்றுவிடுகிறாள். அரசியல்வாதிகள் இருவரும் அட்டையில் வெட்டிய உருவங்கள். எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது ஜரீனா விஷயம்தான். ஈஸ்வரமூர்த்தியைக் கட்டிக்கொள்ள வீட்டை விட்டு வரும் பெண். படம் பேச நினைப்பதை, மேடையும் துப்பாக்கியும் இல்லாமல் தன் வாழ்க்கையில் செய்துகாட்டுகிறவள். முதலமைச்சரின் உயிர் பெரிதாகப் பெரிதாக, அவளுடைய கல்யாணம் சீக்கிரம் முடித்துவிட்டுப் போக வேண்டிய வேலையாகச் சுருங்கிவிடுகிறது. காலிக்குக்கு அது எத்தனையோ முறை செய்து அலுத்த காரியமாக இருக்கலாம். அவள் அந்த வீட்டு வாசலைத் தாண்டுவது ஒவ்வொரு சுற்றிலும் முதல் தடவையாகத்தான். அந்த முகத்துக்கு இன்னும் இரண்டு நிமிடம் கொடுத்திருக்கலாம்.