முட்டியை விட்டு நகராத கார்டு எது?

முகுந்தராயர் சத்திரம் தாண்டினால் ரோட்டில் மணல் கிடக்கும். ஆடி மாதம் என்றால் கேட்கவே வேண்டாம். தனுஷ்கோடி போகும்போது வலது பக்கம் இருப்பது மன்னார் வளைகுடா, ஊர்க்காரர்கள் சொல்லும் ஆண் கடல். அங்கிருந்து அடிக்கிற காற்று மணலை அள்ளி வந்து தார் மேல் பரப்பிவிட்டுப் போகும். பத்தடிக்குள் வரும்வரை கண்ணுக்குத் தெரியாது. போன ஆடியில் அப்படி ஒரு திட்டில்தான் முன்சக்கரம் வழுக்கி விழுந்தேன். வேகம் முப்பதுகூட இருக்காது. தலையில் ஹெல்மெட், கையில் கிளவுஸ், முட்டியில் கார்டு, எல்லாம் இருந்தது. எழுந்து பார்த்தால் முட்டியில் இருந்த கார்டு சுற்றிக்கொண்டு கெண்டைக்காலுக்குப் போயிருந்தது. ஜீன்ஸ் கிழிந்து முட்டியில் நாலு தையல். கார்டில் ஒரு கீறல்கூட இல்லை.

அந்தக் கீறல் விழாத கார்டை இன்னும் வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு வகை வாங்கி, என் பழைய 150 சிசி வண்டியில் ராமநாதபுரத்துக்கும் தனுஷ்கோடி ரோடு முடியும் அரிச்சல்முனைக்கும் இடையே ஆறு மாதம் மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டினேன். போக வர 150 கிலோமீட்டர். எல்லாம் சொந்தக் காசு. கம்பெனி அனுப்பிய சரக்கு எதுவும் இதில் இல்லை. கடையில் 'நீ கார்டு' என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். 'முட்டிக் கவசம்' என்று கேட்டபோது ஒரு கடைக்காரர் என்னை மெடிக்கல் ஷாப்புக்குக் கை காட்டினார்.

முதலாவது, எல்லாரும் முதலில் வாங்குவது: முட்டிக்கு இரண்டு, முழங்கைக்கு இரண்டு என்று நாலு துண்டாக வரும் கறுப்பு பிளாஸ்டிக் செட். நான் கொடுத்தது 850 ரூபாய். முட்டிச் சில்லின் மேல் ஒரு கிண்ணம், அதிலிருந்து கணுக்கால் பக்கம் இறங்கும் ஒரு தகடு, இரண்டையும் சேர்க்க ரிவெட். பின்னால் எலாஸ்டிக் பட்டை, வெல்க்ரோ. பேன்ட்டுக்கு மேலேயே மாட்டிக்கொள்ளலாம். இதைக் கட்டிக்கொண்டு பாம்பனில் டீ குடிக்க இறங்கினால், "என்னண்ணே, கிரிக்கெட் ஆடப் போறீகளா?" என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்.

இதில் நல்லது ஒன்று உண்டு. மேலே இருப்பது கெட்டியான வழவழ பிளாஸ்டிக் என்பதால், தாரில் விழும்போது பிடித்துக்கொள்ளாமல் சறுக்கிக்கொண்டே போகும். துணியும் தோலும் தாரில் மாட்டினால்தான் கால் முறுக்கிக்கொள்ளும். கூடவே முன்காலையும் மறைக்கிறது. ஆனால் இந்த நன்மையெல்லாம் கார்டு முட்டியில் இருந்தால்தானே? எலாஸ்டிக் பட்டை புதிதில் இறுக்கிப் பிடிக்கும். வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்து மூன்றே மாதத்தில் அதைப் பழைய ஜட்டி ரப்பர் மாதிரி ஆக்கிவிட்டன. வெல்க்ரோவின் கொக்கிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே நைஸ் மணல், லுங்கி நூல், எங்கிருந்தோ வந்த கருவேல முள்ளின் நுனி ஒன்று. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்த பிறகும் பாதிப் பிடிதான் திரும்பியது. ரிவெட்டைச் சுற்றித் துரு. என் கிரே ஜீன்ஸில் இரண்டு முட்டியிலும் செம்பு நிறத்தில் வட்டம் விழுந்திருக்கிறது. எந்தச் சோப்புக்கும் போகவில்லை.

இன்னொரு குறையும் இருக்கிறது. பாம்பன் சாலைப் பாலத்தில் ஓட்டிப் பார்க்காமல் அது எனக்குப் புரிந்திருக்காது. 1988-இல் திறந்த, இரண்டே கால் கிலோமீட்டருக்கு மேல் நீளமான பாலம். பக்கத்திலேயே 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்குச் சிக்னல் கிடைக்காது என்று ஒரு ஏற்பாடு இருந்தது. பைக் ஓட்டுகிறவனுக்கு அப்படி எந்தச் சிக்னலும் கிடையாது. பக்கவாட்டில் காற்று தள்ளும்போது பெட்ரோல் டேங்கை இரண்டு முட்டியாலும் கவ்விப் பிடித்தால்தான் கை தளர்வாக இருக்கும், வண்டி நேராகப் போகும். கெட்டிப் பிளாஸ்டிக் கிண்ணத்தைப் போட்டுக்கொண்டு டேங்கைக் கவ்வ முடியாது, வழுக்கும். பெயின்ட்டிலும் கோடு விழும். பாலத்துக்கு நடுவே கடலைப் பார்த்ததும் பிரேக் போட்டு செல்ஃபி எடுக்கும் சுற்றுலாக் கூட்டத்துக்கு இடையில், பிடிமானம் இல்லாத முட்டியோடு போவது நல்ல அனுபவம் இல்லை.

இரண்டாவதாக வாங்கியது ஸ்லீவ். காலுறை மாதிரி தொடையிலிருந்து முன்கால் வரை இழுத்து மாட்டும் துணிக்குழாய். முட்டி இடத்தில் மெத்தென்ற பட்டை. விலை 3,400. இந்த மெத்து சாதாரண ஸ்பாஞ்ச் இல்லை. இங்கிலாந்தில் தொடங்கிய டி3ஓ போன்ற நிறுவனங்கள் பிரபலமாக்கிய வகை: விரலால் அழுத்தினால் குழையும், சுத்தியால் அடித்தால் அந்த நொடியில் இறுகும். அரிச்சல்முனையில் அலை தொட்டுப்போன ஈர மணலில் சும்மா நின்றால் கால் மெல்லப் புதையும். குதிகாலால் ஓங்கி மிதித்தால் கல் மாதிரி எதிர்க்கும். கிட்டத்தட்ட அந்த மாதிரித்தான்.

இதை வாங்கும்போதுதான் லேபிள் படிக்கக் கற்றுக்கொண்டேன். ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரை பார்ப்போம். முட்டிக்கு நம் ஊர்ச் சட்டத்தில் கட்டாயம் எதுவும் இல்லாததால், தரமான கார்டுகள் ஐரோப்பியத் தரமான ஈஎன் 1621-1-ஐப் போட்டுக்கொண்டு வருகின்றன. 5 கிலோ எடையை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் வரும் அடி, அதாவது 50 ஜூல், கார்டின் மேல் விழும். அடியில் இருக்கும் கருவி, எவ்வளவு விசை உள்ளே இறங்கியது என்று அளக்கும். சராசரி 35 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் லெவல் 1. 20-க்குள் என்றால் லெவல் 2. லேபிளில் பைக் ஓட்டும் ஆள் படம், அதன் பக்கத்தில் முட்டியைக் குறிக்கும் 'கே' என்ற ஆங்கில எழுத்து, கீழே 1 அல்லது 2. என் 850 ரூபாய் செட்டில் இது எதுவும் இல்லை. 'சிஇ' என்ற ஐரோப்பிய முத்திரையை மட்டும் பிளாஸ்டிக்கில் வார்த்திருந்தார்கள். அந்த இரண்டு எழுத்தை யார் வேண்டுமானாலும் வார்க்கலாம். தர எண்ணும் லெவலும் இல்லாமல் அந்த எழுத்து மட்டும் இருந்தால் நான் இப்போது நம்புவதில்லை.

அதே லேபிளில் இன்னொரு சின்னக் குறி இருக்கலாம். 'டி' எழுத்துக்குப் பக்கத்தில் மைனஸ் போட்டிருந்தால் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரியிலும், பிளஸ் போட்டிருந்தால் 40 டிகிரியிலும் சோதித்தது என்று பொருள். கனடாவிலும் நார்வேயிலும் பனிமேல் ஸ்னோமொபைல் ஓட்டுகிறவர்களுக்கு மைனஸ் முக்கியம். மெத்தென்ற பட்டை குளிரில் மரக்கட்டை ஆகிவிடக் கூடாது என்பது அவர்கள் கவலை. நமக்கு நேர் எதிர். சூட்டில் இந்த வகைப் பட்டைகள் இன்னும் குழைந்துவிடும். சித்திரை வெயிலில் ராமேஸ்வரம் பார்க்கிங்கில் வண்டி மேல் இரண்டு மணி நேரம் கிடந்த ஸ்லீவைத் தொட்டபோது மைசூர்பாகு மாதிரி இருந்தது. பிளஸ் குறி இல்லாத மெத்துக் கார்டை இந்தக் கடற்கரையில் ஓட்டுகிறவர் வாங்க வேண்டாம் என்பேன். வண்டியில் வெயிலில் போட்டுவிட்டும் போகாதீர்கள்.

ஸ்லீவ் நகர்வதில்லை. இதுதான் அதன் மொத்தப் பெருமை. தோலோடு ஒட்டி, பேன்ட்டுக்கு உள்ளே இருப்பதால் கையால் கீழே இழுத்தாலும் பக்கவாட்டில் திருப்பினாலும் ஒரு விரற்கடைக்கு மேல் அசையவில்லை. டேங்கையும் கவ்வலாம். டீக்கடையில் யாரும் கிரிக்கெட் கேட்பதில்லை. ஆனால் அளவு சரியாக இருக்க வேண்டும். முட்டிக்கு மேலே, தொடையின் சுற்றளவை டேப் வைத்து எடுத்து, கம்பெனி அட்டவணையோடு பார்த்து வாங்குங்கள். ஒரு சைஸ் சின்னதாக வாங்கினால் உச்சிப்புளி வருவதற்குள் கால் மரத்துப்போகும். என் முதல் ஜோடிக்கு அதுதான் நடந்தது. வியர்வைதான் அடுத்த தொல்லை. மண்டபம் தாண்டும்போது முட்டிக்குப் பின்பக்கம் ஊறத் தொடங்கி, வீடு வந்தால் சிவந்து வேர்க்குரு. கழற்ற வேண்டுமென்றால் பேன்ட்டை அவிழ்க்க வேண்டும். அக்னி தீர்த்தத்தில் முங்கிவிட்டு ஈரக் காலில் அதைத் திரும்ப மாட்டிப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

மூன்றாவது, ரைடிங் பேன்ட். வலைத்துணியில் தைத்து, முட்டிக்கு உட்புறப் பையில் கார்டைச் சொருகி வைத்திருப்பார்கள். 7,500 ரூபாய். தைரியம் பண்ணி வாங்கினேன். ஓட்டும்போது காற்று உள்ளே வந்து போகிறது. ஓடிக்கொண்டே இருந்தால் ஸ்லீவைவிடப் பல மடங்கு சுகம்.  இதில் சூட்சுமம் எல்லாம் அந்தப் பையின் உயரத்தில் இருக்கிறது. நின்றபடி கண்ணாடியில் பார்த்தால் கார்டு முட்டிக்குக் கொஞ்சம் கீழே தொங்குவது மாதிரி இருக்கும். தப்பு என்று நினைத்து மேலே ஏற்றிவிடாதீர்கள். கால் மடக்கி உட்காரும்போது பேன்ட் மேலே ஏறும். அப்போதுதான் கார்டு சரியாகச் சில்லின் மேல் வந்து உட்கார வேண்டும். உள்ளே வெல்க்ரோவில் இரண்டு மூன்று உயரம் மாற்றிவைக்க வசதி இருக்கும் பேன்ட்டாகப் பாருங்கள். நம் ஆட்களின் கால் நீளத்துக்கு ஐரோப்பிய வெட்டு பொருந்துவதில்லை. கீழே மடித்துத் தைத்தாலும் பை இருந்த இடத்திலேயேதான் இருக்கும்.

'பிரேஸ்' என்று ஒன்று விற்கிறார்களே, அது வேறு. கார்டு அடியைத் தாங்கும், முட்டி முறுக்கிக்கொள்வதைத் தடுக்காது. சவ்வு கிழியாமல் காக்க, இரண்டு பக்கமும் கீல் வைத்த பிரேஸ் மோட்டோகிராஸ் ஓட்டுகிறவர்கள் போடுவது. விலை பல்லாயிரம். அரிச்சல்முனைக்குப் போய் அலை பார்த்துவிட்டு வர அது தேவையில்லை.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு, 2017-இல் தார் ரோடு வரும்வரை அங்கே போக ஜீப்பும் வேனும்தான் கதி. மணலில் மெதுவாக உருட்டிக்கொண்டு போவார்கள். இப்போது நேர் ரோடு, இரண்டு பக்கமும் கடல், கை தானாக ஆக்சிலரேட்டரைத் திருகுகிறது. முட்டி உடைவதற்கு ரோடு நன்றாக இருப்பதே பெரிய காரணம். அதே ரோட்டில் மீன் பெட்டி கட்டிய எக்ஸ்எல்லில், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தினமும் போகிற அண்ணன்களிடம் 7,500 ரூபாய்ப் பேன்ட்டைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. அவர்கள் மணல் திட்டைத் தூரத்திலேயே கண்டுகொண்டு வேகம் குறைப்பது மாதிரி நமக்கு வராது என்பதும் உண்மை.

என் தீர்ப்பு: மாதத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது நெடுந்தூரம் ஓட்டுகிறவர் ரைடிங் பேன்ட் வாங்கலாம். எப்போதாவது போகிறவருக்கு லெவல் 1 ஸ்லீவ் போதும், மேலே கெட்டி ஜீன்ஸ் போட்டால் சரி. லெவல் 2 ஸ்லீவ் தடிமனாக இருக்கிறது. சூடு தாங்காமல் பைக்குள் போய்விடும். பைக்குள் இருக்கும் லெவல் 2-ஐவிடக் காலில் இருக்கும் லெவல் 1 மேல். நாலு துண்டு செட்டுக்கு 850 ரூபாய் கொடுப்பதற்கு அந்தப் பணத்தை டயருக்குச் சேர்த்து வையுங்கள்.

எதை வாங்கினாலும் கடையிலேயே மாட்டிக்கொண்டு, வாசலில் நிற்கும் உங்கள் வண்டியில் உட்கார்ந்து, கார்டைக் கையால் கீழேயும் பக்கவாட்டிலும் நன்றாக இழுத்துப் பாருங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள்.